ஐநூறுக்கு நாற்பது குறைவு

2024 பெப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபது. தூறல், எதிர்மலை தெரியாத அளவுக்குப் பனி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தபால் வீடு தேடி வராது. ஆபீசுக்கு மொத்தமாக வரும். யாராவது போய் எடுத்து வரவேண்டும். அங்கே முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்த பழக்கத்தில் எங்கள் டிவிஷன் தபாலை நான்தான் எடுத்து வருவேன். அன்று ஏழு கடிதங்கள். ஒன்று என் மருமகளுக்கு, தம்புள்ளையில் உள்ள ஹோட்டல் பயிற்சி நிலையத்திலிருந்து.

அந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு உண்டு. அதற்காக ஐநூறு சொற்களைப் பொருளோடு எழுதிக் கொடுத்திருந்தேன். பூனை, நாய் இல்லை. அதற்கு அடுத்த படி. ரிலக்டன்ட் என்றால் தயங்குகிற, அடிக்குவேட் என்றால் போதுமான. நாளைக்குப் பத்து. அவள் ஒப்பிப்பாள், நான் சரி போடுவேன். அன்றுவரை நானூற்று அறுபது.

கடிதத்தைக் கண்டால் பதறிப்போய்ப் படிப்பை விட்டுவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஆபீசில் எல்லாரிடமும் ஐநூறு என்று பெருமையடித்து வைத்திருந்தேன். அந்தக் கணக்கு பூர்த்தியாக வேண்டும். இப்படிப்பட்ட அழைப்புக் கடிதங்கள் இரண்டு வாரத் தவணையாவது தரும் என்று நம்பி, உறையில் வழக்கம்போல் திகதியைப் பென்சிலால் குறித்து, பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். தபால் வந்ததா என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் இல்லை என்றேன்.

செவ்வாய் மாலை ஐநூறாவது சொல்லையும் ஒப்பித்தாள். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள். தேர்வு முதல்நாள், திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கே நடந்து முடிந்திருந்தது. உறையைத் திருப்பி என் பென்சில் எழுத்தையும் பார்த்தாள்.

மறுநாள் வேன் பிடித்துத் தம்புள்ளைக்குப் போனோம். வழியில் நாலந்தை என்ற ஊரைத் தாண்டினோம். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“அம்பது சொல்லு தெரிஞ்சவங்கல்லாம் திங்கக்கெழம போயிருப்பாங்க, இல்லீங்களா மாமா?”

தவறு என்னுடையது என்று பயிற்சி நிலைய அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன். ஆள் எடுத்தாயிற்று என்றார். காத்திருப்போர் பட்டியல் உண்டா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். ஒரு பிழை இல்லை. பட்டியல் கிடையாது என்று அவரும் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

பிறகு மாத்தளை டவுனில் ஒரு தனியார் ஹோட்டல் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டேன். சொற்பொருள் கேட்டு இப்போது அவள் என்னிடம் வருவதில்லை. தபாலையும் அவளே போய் எடுக்கிறாள். வேனுக்குப் பதினோராயிரத்து ஐநூறு, வகுப்புக்கு நாற்பத்தெட்டாயிரம். மொத்தம் ஐம்பத்தொன்பதாயிரத்து ஐநூறு ரூபாய்.