சூளகிரியில் ஒரு செவிலித்தாய்

மொகலாய அரண்மனையில் பேகம், தான் பெற்ற குழந்தையைச் செவிலித்தாயிடம் பாலுக்குக் கொடுத்தபோது அழுதிருப்பாளா? நான் வாசிக்கும் சரித்திரப் புத்தகத்தில் அது இல்லை.

சூளகிரியில் பஸ் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது; புட்டிப்பாலும் திரிந்துவிட்டது. மூன்று மாத மகள் வீறிடுகிறாள். பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு முஸ்லிம் பெண். வழியெல்லாம் அவளிடம்தான் பேகம் கதையைச் சொல்லிவந்தேன்.

“இங்க கொடு தங்கச்சி. பேகமே கொடுத்தா, உனக்கென்ன யோசனை?”

தவறோ என்று பதறிக்கொண்டே கொடுக்கிறேன். மகள் ஆவலாகக் குடிக்கிறாள்.

“எங்க முறைப்படி, என் பாலைக் குடிச்சதால இனி இவ என் பையனுக்குக் கூடப்பிறந்தவ. நாளைக்குச் சம்பந்தம் பேச வந்துடாதே!”

இருவரும் சிரிக்கிறோம். மகளுக்கு ஓர் அண்ணன் கிடைத்துவிட்டான். பெங்களூரில் காத்திருக்கும், ஆசாரம் பார்க்கும் மாமியாரிடம் மறைக்க மனமில்லை. எப்படிச் சொல்லட்டும்? அனுபவமுள்ள சகோதரிகள் எழுதுங்களேன்.