எல்லாம் ஓகே என்ற பதினோரு பேர்

1. தெரியாத பதில்

"நேத்து சாயங்காலம் அந்த அம்மா என்ன சாப்பிட்டாங்க?"

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள், மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, எங்கள் கைடு தபோ வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்ட கேள்வி இது. பக்கத்து சீட்டில் மீனாட்சி சயாமா என் தோளில் சரிந்து கிடந்தார். மற்ற எல்லோரும் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த குளிரில் அவர் நெற்றி மட்டும் வேர்த்து வழிந்தது. டூர் லீடர் என்றால் குரூப்பில் யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது, யார் எப்போது மாத்திரை போடுவார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். அந்த வேலையில் எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். பதில் தெரியவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் யானை, சிங்கம் கதைகளைத்தான் கேட்கிறார்கள். அதுவும் இதில் வரும். ஆனால் நான் சொல்ல நினைப்பது இந்தக் கேள்வியைப் பற்றி.

2. புகாரே வராத குரூப்

வீட்டில் நான் சந்திரா. வேலையில், பர்மியப் பெயரில், மா சான்டா. எங்கள் ஆபீஸ் பர்மாவில், யாங்கோனின் பசுந்தாங்கில், ஒரு குடைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பிரீஃபிங் கொடுக்க வேண்டும். பல வருஷம் புத்தகயாவுக்கும் பாங்காக்குக்கும் குரூப் கொண்டுபோன எனக்கு, தெற்கு ஆப்பிரிக்க சஃபாரி அதுதான் முதல். பதினோரு பேர். ஏழு பேர் பர்மியர், நாலு பேர் நம் தமிழர். எல்லோருடைய விசாவும் கைக்கு வருவதற்குள் எனக்கு நாலு முடி கூடுதலாக நரைத்தது.

நாலு தமிழரில் ஒருவர் மீனாட்சி சயாமா. சயாமா என்றால் பர்மியில் டீச்சர். யாங்கோனிலேயே தின்கன்ஜூன் பகுதியில் முப்பத்தைந்து வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ரிட்டயர் ஆனவர். அறுபத்தொன்பது வயது. பெட்டியை அவரே தூக்குவார், வரிசையில் கடைசியில் நிற்பார், சன்னல் சீட்டைப் பிறருக்கு விட்டுக் கொடுப்பார். டூர் லீடர்கள் கும்பிட்டு வாங்குகிற பயணி.

பர்மியில் 'ஆனாடே' என்று ஒன்று சொல்வார்கள். நம்மால் இன்னொருத்தருக்குத் தொந்தரவு வந்துவிடுமோ என்கிற கூச்சம். பசித்தாலும் சொல்லமாட்டார்கள், கால் வலித்தாலும் சொல்லமாட்டார்கள், பரிமாறியது பிடிக்கவில்லை என்றால் நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. ஆனால் யாங்கோனில் மூன்று தலைமுறை இருந்துவிட்ட நம் பிள்ளையும் அழாது. பால் காய்ச்சுகிறவருக்கு வேலை வைப்பானேன் என்று படுத்திருக்கும்.

எனக்கு இது தெரியாததல்ல, நானே அப்படித்தான். ஆனாலும் காலையும் மாலையும் வண்டியில் ஏறி ஹெட் கவுன்ட் எடுத்துவிட்டு, "எல்லாம் ஓகேவா?" என்று கேட்பேன். பதினோரு பேரும் "ஓகே" என்பார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் மேனேஜர் ஊ சோவுக்கு, இந்தக் குரூப்பில் ஒரு புகார்கூட இல்லை என்று பெருமையாக மெசேஜ் போட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

3. நொண்டாமல் நடந்த சிங்கம்

தபோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். பயணம் முழுக்க எங்களோடு வரும் கைடு அவர்தான், டிரைவரும் அவர்தான். பூங்காவுக்குள் கண்ட இடத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அதனால் மெதுவாக ஓட்டிக்கொண்டே பக்கவாட்டில் குனிந்து மண்ணைப் பார்ப்பார். நாம் பேப்பர் படிக்கிற மாதிரி அவர் தரையைப் படிப்பார்.

முதல் நாள் காலையில் அப்படித்தான் வண்டியை நிறுத்தினார். மண்ணில் ஒரு பெண் சிங்கத்தின் தடம். பனித்துளி விழுந்த புள்ளிகள் சுற்றிலும் இருந்தன, தடத்துக்குள் இல்லை. அதனால் விடியற்காலையில்தான் போயிருக்கிறது என்றார். முன் இடது காலில் அடி, அந்த ஒரு தடம் மட்டும் ஆழமில்லை என்றார். நான் பர்மியில் மொழிபெயர்த்தேன். பின்னால் ஒருவர், கைடு என்றால் நாலு கதை விடத்தான் வேண்டும் என்று முணுமுணுத்தார்.

கால் மணி நேரத்தில் அது எதிரே வந்தது. தூரத்தில் தெளிவாக நொண்டிக்கொண்டு வந்த சிங்கம், எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தது. காலை நேராக வைத்து, ஒரு குறையும் இல்லாததுபோல வண்டியின் பக்கமாக நடந்து போனது. புதருக்கு அந்தப் பக்கம் போனதும் மறுபடி நொண்டியது. முணுமுணுத்தவர் கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது, சிங்கத்துக்கா தபோவுக்கா என்று தெரியவில்லை.

"காட்டுல வலியைக் காட்டிக்கிட்டா ஆபத்து. அதனால எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே நடக்கும்" என்றார் தபோ. அதையும் அழகாக மொழிபெயர்த்தேன். எனக்குப் பின்னால் பதினோரு பேர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது என் மண்டையில் ஏறவில்லை.

4. கீரைக்கு அடியில்

இரண்டாம் நாள் மாலை கேம்பில் வெட்டவெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டிக் கொடுத்தார்கள். நம் ஆட்கள் பாதிப் பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். அதை முன்பே எழுதி அனுப்பியிருந்தேன், அவர்களும் மதித்து மாடு சமைக்கவில்லை. கூடு என்கிற பெரிய மானைச் சமைத்திருந்தார்கள். அதே மானைத்தான் அன்று காலையில் பார்த்து, கண்ணும் காதும் அப்படியே பசுமாடு என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்று எழுதத் தெரிந்த எனக்கு, மாடு மாதிரி இருப்பதும் வேண்டாம் என்று எழுதத் தெரியவில்லை.

சமையல்காரர் சிரித்த முகத்தோடு பரிமாறினார். அந்த முகத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டார்கள். நான் சுற்றி வந்து கேட்டேன். ஓகே என்றார்கள்.

மறுநாள் இருட்டோடு மார்னிங் டிரைவ் கிளம்பினோம். காலைச் சாப்பாடு ஒன்பது மணிக்குத் திரும்பி வந்த பிறகுதான். ஏழு மணி வாக்கில் சாலை ஓரத்திலேயே ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதுவரை தூரத்தில் மரங்களுக்கு மேலே தலையாகத்தான் பார்த்திருந்தோம். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், நானும் எடுத்தேன். தபோ மட்டும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரும்பி, "உங்க பக்கத்துல இருக்கற அம்மாவைப் பிடிங்க" என்றார். பிடிப்பதற்கும் சயாமா சரிவதற்கும் சரியாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்.

"அவங்க தட்டு நான் பாத்தேன். இறைச்சி கீரைக்கு அடியில இருந்துச்சு. ரெண்டு நாளா மரத்து உச்சியையே தேடிட்டு வந்தவங்க. இன்னிக்குப் பக்கத்துலயே ஒட்டகச்சிவிங்கி நிக்குது, அவங்க திரும்பிப் பாக்கல. சுகர் இருக்கா அவங்களுக்கு?"

சயாமாவின் மடியில் இருந்த பையைத் திறந்தேன். ஒரு கைக்குட்டைக்குள் சர்க்கரை நோய் மாத்திரை. எங்கள் டூர் ஃபார்மில் நோய் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். முந்தின நாள் மாலை மாத்திரையைப் போட்டுவிட்டு நாலு இலைக் கீரை தின்றிருக்கிறார். விடியற்காலையில் மறுபடி மாத்திரை போட்டுவிட்டு, காலியான வயிற்றோடு வண்டியில் ஏறியிருக்கிறார்.

தபோ ஐஸ் பெட்டியிலிருந்து ஆரஞ்சு ஜூஸை எடுத்து, சயாமா கண்ணைத் திறந்து விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து வாய் வாயாகக் கொடுத்தார். பிறகு டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கை அவசரப்படவே இல்லை. கொஞ்ச நேரத்தில் சயாமாவின் முகத்தில் ரத்தம் ஓடியது. தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாருக்கும் போட்டோ கெட்டுப்போச்சா?"

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது. அவர்மேல் வந்த கோபம் இல்லை அது.

5. மேனேஜரின் உத்தரவு

பக்கத்து ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, இன்று ஒரு நாள் ஓய்வு, வேளைக்குச் சாப்பாடு, யாராவது கவனித்துக்கொண்டால் பயணத்தைத் தொடரலாம் என்றார். ஊ சோவுக்குப் போன் போட்டேன். லைன் இரண்டு முறை அறுந்தது. நோயை மறைத்தவரைத் திருப்பி அனுப்பலாம் என்று ரூல் இருக்கிறது, அடுத்த ஃப்ளைட்டில் ஏற்று, இன்னொரு தடவை இப்படி நடந்தால் யார் பொறுப்பு என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

அறைக்குப் போய் சயாமாவிடம் சொன்னேன். அவர் பெட்டியை எடுத்துத் துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார். என்ன மனுஷி இவர் என்று இருந்தது. எதற்காக மறைத்தீர்கள் என்று கேட்டேன். துணியைக் கீழே வைத்தார்.

"கிளாஸ்ல ஒரு படம் இருந்துச்சு, சந்திரா. ஒட்டகச்சிவிங்கி ரெண்டு முன்னங்காலையும் அகட்டி, குனிஞ்சு தண்ணி குடிக்கற படம். பிள்ளைங்க வருஷா வருஷம் கேக்கும், நெசமாவே இப்டித்தான் குடிக்குமா சயாமான்னு. நானும் ஆமான்னேன். நான் எங்க பாத்தேன்? பாக்காத ஒண்ணை முப்பத்தஞ்சு வருசம் நெசம்னு சொல்லிக் குடுத்துட்டேன். ஒரு தடவை பாத்துரணும்னு இருந்துச்சு. சுகர்னு எழுதுனா நீ சேத்துக்க மாட்டியோன்னு பயம். சேத்துக்கிட்டாலும் நாலு பேருக்குத் தொந்தரவு."

வெளியே வந்து தபோவிடம் சொன்னேன். அவர் சுருக்கமாக, "முன் சீட்டுல என் பக்கத்துல உக்காரட்டும். அவங்க கை நடுங்குதான்னு நான் பாத்துக்கறேன்" என்றார். ஊ சோவைத் திரும்பக் கூப்பிட்டு, அவர் வருகிறார், பொறுப்பு என்னுடையது என்றேன். மேனேஜர் பேச்சை நான் மீறியது அந்த ஒரு தடவைதான்.

அன்று மத்தியானம் டைனிங் ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து, நேற்று மாலை உண்மையிலேயே சாப்பிட்டவர் யார் என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. மெல்ல ஒருவர் எழுந்து போய் ஒரு பாட்டில் பலாச்சாங் கொண்டு வந்தார். காய்ந்த இறாலும் மிளகாயும் பூண்டும் போட்டு வறுத்தது, அது இல்லாமல் நம் ஊரில் யாருக்கும் சோறு இறங்காது. அவர் வைத்ததும் இன்னொருவர், இன்னொருவர். மேஜையில் எட்டு பாட்டில். வாசனை அடுத்தவருக்குப் பிடிக்காதே என்று எட்டுப் பேரும் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தார்கள். கேம்ப் சமையல்காரர் வெறும் சோறு வடித்துக் கொடுத்தார். அவரும் பலாச்சாங் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று குறைப்பட்டார்.

6. ஆற்றங்கரை

அடுத்து போட்ஸ்வானாவில் சோபே பூங்கா. ஆற்றோரம் நூற்றுக்கணக்கில் யானை. குட்டி யானை ஒன்று தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் தானே மிதித்துக்கொண்டது. எருமைக் கூட்டம் ஆற்றைக் கடந்தபோது பின் சீட்டுக்காரர்கள் போட்டோ எடுக்கவே மறந்தார்கள். அந்த நாட்டில் காட்டை எவ்வளவு மரியாதையோடு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஒட்டகச்சிவிங்கிகளும் இருந்தன. எல்லாம் இலை தின்றுகொண்டே இருந்தன, ஒன்றும் தண்ணீர்ப் பக்கம் வரவில்லை.

கடைசி நாள் மாலை ஒன்று வந்தது. கரையில் நின்று இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. குனியும் நேரத்தில்தான் சிங்கம் பாயும் என்பதால் சுலபத்தில் குனியாது என்றார் தபோ. பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் போனது. திரும்பும் நேரம் நெருங்கியது, யாரும் அசையவில்லை. சயாமா முன் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியிலிருந்த மற்ற பத்துப் பேரும் அந்த வாரம் முழுக்க அவருக்காகத்தான் ஒட்டகச்சிவிங்கி தேடினார்கள். இப்போது பசித்தாலும் அவர் அதைச் சொல்லி இந்த நேரத்தைக் கெடுக்கமாட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார் என்று எனக்குப் பயம். பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

சயாமா திரும்பினார். வகுப்பில் பேசுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்குப் பசிக்குது. கை நடுங்குது. ஏதாச்சும் குடுங்க."

நான் பிஸ்கட் நீட்டுவதற்குள் பின்னாலிருந்து நாலு கை நீண்டது. தபோவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, ஜூஸ் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. சயாமா மென்றுகொண்டிருக்கும்போது ஒட்டகச்சிவிங்கி இடது காலை ஓர் அடி தள்ளி வைத்தது, வலது காலைத் தள்ளி வைத்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இரண்டையும் அகட்டி, அவ்வளவு நீளக் கழுத்தையும் இறக்கித் தண்ணீரில் வாயை வைத்தது. அப்படியே அந்தப் படம்தான்.

சயாமா பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

7. பசுந்தாங்கில் ஒரு கிளாஸ்

இப்போது நான் யாரிடமும் எல்லாம் ஓகேவா என்று கேட்பதில்லை. தட்டைப் பார்க்கிறேன், தண்ணீர் பாட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறேன், செருப்பைக் கழற்றும்போது முகத்தைப் பார்க்கிறேன். வேண்டுமா என்று கேட்காமல் முன்னால் வைத்துவிடுகிறேன். இது தபோவிடம் கற்றது.

ஆனால் அது பாதி வேலைதான். தபோவே சொல்லியிருக்கிறார், அவருக்கும் தடம் தவறும் நாள் உண்டு. அதனால் குரூப் கிளம்பும் முன் எங்கள் ஆபீஸில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஊ சோவே நாற்காலி எடுத்துப் போடுகிறார். வகுப்பு எடுப்பது மீனாட்சி சயாமா. தின்கன்ஜூனிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். ஆளுக்கொரு குறையை எழுந்து நின்று சத்தமாகச் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அறுபது வயதுப் பெரியவர்கள் நெளிவார்கள், சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். அவர் விடமாட்டார்.

"கேக்கல. இன்னொரு தடவை. எனக்குப் பசிக்குது, வண்டிய நிறுத்துங்க."

போன குரூப்பில் ஒரு கடைக்காரர் அந்த வாக்கியத்திலிருந்து தப்பிக்கப் பேச்சை மாற்றினார். ஒட்டகச்சிவிங்கி உண்மையிலேயே காலை அகட்டித்தான் தண்ணீர் குடிக்குமா சயாமா என்று கேட்டார்.

"குடிக்கும், நான் பாத்தேன்" என்றார் சயாமா. "இப்ப நீங்க எந்திரிச்சு நின்னு சொல்லுங்க."