பல்லவியோட நின்னுபோன என் ஜப்பானியப் பாட்டு

இன்னிக்கு எங்க ஊர் மனுகாவ்ல ஆபீஸ் ஆளுங்களோட கரோக்கி போனோம்.

அங்க ஜப்பான்காரங்க விளையாட்டு ஒண்ணுன்னு போன வாரமே சொல்லியிருந்தாங்க. ஒரு பாட்டோட பேர் எந்த எழுத்துல முடியுதோ, அந்த எழுத்துல ஆரம்பிக்கிற பாட்டை அடுத்த டீம் பாடணும். பேர் ‘ன்’ல முடிஞ்சா, அதுல ஆரம்பிக்கிற பாட்டே கிடையாது, அவுட். தோத்த டீம்ல சொதப்பின ஆள் திங்கட்கிழமை எல்லாருக்கும் சமைச்சுக் கொண்டு வரணும்.

நம்ம பாட்டுக்குப் பாட்டுதானேன்னு நான் தெம்பா இருந்தேன். ஒரு வாரமா ஈஸ்ட் டாமாக்கி ட்ராஃபிக்ல, ‘ன்’ல முடியாத ஜப்பானியப் பாட்டா பொறுக்கி மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

என் முறை வந்துச்சு. பிச்சு உதறினேன். எதிர் டீம் ஹருகா அசந்துபோய்ப் பார்த்தா.

பல்லவி முடிஞ்சதும் மைக்கை அவகிட்ட நீட்டினேன்.

"பாட்டு இன்னும் முடியலையே"ன்னா.

திரையில ஜப்பானிய எழுத்து பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. எனக்கு அதைப் படிக்க வராது; தெரிஞ்சது பல்லவி மட்டும்தான். மனப்பாடம் பண்ணின எல்லாப் பாட்டுலயும் அப்படித்தான். பாட்டுக்குப் பாட்டுல சரணம் வரைக்கும் யாருங்க போயிருக்கா?

என் டீம்ல இருந்த யாழ்ப்பாணத்து சுபா அக்கா, "ஏன் நிப்பாட்டினனீர்? பாடும்"ன்னாங்க.

"தெரியாதுக்கா."

"ஓம். அப்ப நீர்தான் சமைக்கோணும்."

ஹருகாவுக்கே பாவமா போச்சு. "சரி, தமிழ்ப் பாட்டு ஒண்ணு முழுசா பாடு. கணக்குல சேர்த்துக்கறோம்"ன்னா.

மைக்கைப் பிடிச்சுக்கிட்டு யோசிச்சேன். பல்லவியா வந்து கொட்டுது. சரணம் ஒண்ணுகூட வரல.

திங்கட்கிழமைக்கு லெமன் சாதம் போதுமா, பிரியாணியே பண்ணிடவா? சொல்லுங்க மக்களே.