சைகோன் சம்பளமும் வில்லியனூர்த் திருடியும்

என் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அதிகாரி. சைகோனில் இருந்தார். அதிகாரி பெண்டாட்டி என்று வில்லியனூரில் எனக்கு மரியாதை. அந்த மரியாதைக்குக் கடைக்காரன் ஒரு படி அரிசி அளக்கமாட்டான்.

சம்பளத்தில் ஒரு பாகத்தைக் குடும்பத்துக்கு எழுதி வைத்திருந்தார். மாதாமாதம் ரயிலேறிப் புதுச்சேரி கஜானாவுக்குப் போய் நான் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். எழுதி வைத்தது பிராங்கில். கையில் தருவது ரூபாயில். பிராங்கு விலை இறங்க இறங்க, எனக்கு வரும் ரூபாயும் குறைந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை. சைகோனில் செலவாவது அந்த ஊர்க் காசான பியாஸ்தர். பிராங்கு விழுந்தால் அங்கே அதிகாரிகளுக்குச் சம்பளத்தோடு தரும் படியை உயர்த்திவிடுவார்கள். எழுதி வைத்த பாகத்தைக் கூட்ட யாருமில்லை.

பணம் குறைகிறது என்று எழுதினேன். உன் தம்பிக்குக் கொடுக்கிறாயா என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் கஜானாவில் என் கையெழுத்து செல்லாது என்றார்கள். பணத்தைத் தன் அண்ணன் பேருக்கு மாற்றிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளின் பாலுக்குக்கூட அந்த அண்ணன், என் மச்சாண்டார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

"போன வாரம் குடுத்தது இன்னா ஆச்சி?" என்பார் அவர், தெருவுக்கே கேட்கும்படி.

தன் சம்பளம் பிராங்கு என்பது என் புருஷனுக்குத் தெரியாதா? தெரியும். ரெஜிமெண்டில் எல்லாரும் அந்த விலையைத்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். ஆனால் கடல் தாண்டி, காய்ச்சலில் கிடந்து சம்பாதித்த காசு, யாரும் தொடாமலே கரையும் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. பெண்டாட்டி திருடுகிறாள் என்று நம்புவது சுலபமாக இருந்தது. பல வருஷம் யோசித்தும் எனக்குக் கிடைத்த விளக்கம் இவ்வளவுதான். விளங்கினாலும் கோபம் போகவில்லை.

பிராங்கு இன்னும் இறங்கியது. ஒரு நாள் மச்சாண்டார் என் வீட்டுக்கே வந்தார். முகம் செத்திருந்தது.

"இன்னாமா இவன், என்னியே திருடன்றான். கூடப் பொறந்தவன்மா நானு."

"ஆமா மாமா. மொதல்ல நான் திருடுனேன். இப்ப உங்க மொற."

"கிண்டல் பண்ணாதம்மா. நீதான அங்க வாங்கிக்கினு இருந்த. பணம் தானா கொறையுதுன்னு அவனுக்கு நாலு வரி எழுது, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"என் பேருக்கு மாத்தச் சொல்லி நீங்க எழுதுங்க. அப்பால நான் எழுதறேன்."

அவர் உட்கார்ந்து யோசித்தார். பிறகு என் எதிரிலேயே எழுதினார். அன்றே இரண்டு கடிதமும் தபாலில் சேர்ந்தன.

கப்பல் போய் வர மாதங்கள் ஆயின. பணம் என் பேருக்குத் திரும்பியது. தப்பு செய்துவிட்டேன் என்று என் புருஷன் ஒரு வரி எழுதவில்லை. கஜானாவில் முன்னைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மச்சாண்டார் தெருப் பக்கம் போகாமல், நேரே பால்காரன் வீட்டுக்குப் போனேன்.