வாசல்படியில் அப்ளிகேசன் போட்ட நாட்கள்

சாக்கு

வீட்டிலிருந்தபடி அப்ளிகேசன் போட்டுக் கொடுக்கிற தொழிலுக்குத் திறக்கிற நேரம் உண்டு, சாத்துகிற நேரம் கிடையாது. ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தே பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு இருட்டி ஒரு மணி நேரம் இருக்கும். தெருவில் கரகரவென்று ஒரு சத்தம். எலும்புகளைச் சாக்கில் கட்டி மணலில் இழுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. நாலு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி நாலு இழுப்பு. என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பாப்பாவைத் தொட்டிலிலிருந்து எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு, கான்வென்டில் கற்ற ஜெபம் பாதியும் எங்கள் குலசாமி பேர் பாதியுமாக முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். சத்தம் நேராக என் வாசல்படிக்கு வந்து நின்றது.

வந்தது அந்தோணியம்மா அக்கா. மூன்று வீடு தள்ளி இருப்பவர். ராமேஸ்வரம் கடைகளுக்குச் சிப்பி மாலை கோத்துக் கொடுப்பவர். யாத்திரைக்காரர்கள் வராமல் போனதால் கோத்த மாலை அத்தனையும் வீட்டிலேயே கிடந்தது. அன்று காலையில், உதவித்தொகை கேட்டுச் சென்னைக்கு அனுப்ப வேண்டிய அவருடைய அப்ளிகேசனில் 'தொழிலுக்கான சான்றை இணைக்கவும்' என்று இருந்ததை நான்தான் படித்துச் சொல்லியிருந்தேன். பகலில் போலீஸ் நடமாட்டம் என்று இருட்டும் வரை காத்திருந்து, ஒரு சாக்குச் சிப்பியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு போட்டோ போதும் அக்கா என்றேன். அவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்: "மெட்ராஸ்ல இருக்கிறவுகளுக்குப் போட்டோவுல கனம் தெரியுமா, தங்கச்சி?"

பேனா

நான் இந்தக் கடற்கரைக்காரி இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற வீட்டுப் பெண். ராமநாதபுரத்தில் கான்வென்ட் ஹாஸ்டலில் படித்தேன். என் வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் சுற்றுலா வேன் ஓட்டியதால் தங்கச்சிமடத்தில் வாடகைக்குக் குடிவந்தோம். வேன் நின்றதும் அவர் காய்கறி லாரிக்குப் போனார். வாரத்துக்கு ஒரு முறை வருவார். தெருவில் நின்றே பாப்பாவைப் பார்ப்பார், போய்விடுவார். பாப்பா எட்டாம் மாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நுரையீரல் தேறுகிற வரை, குறைந்தது ஆறு மாதம், வெளியாட்கள் மூச்சுக்காற்று படக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு அறக்கட்டளை, வீட்டிலிருந்தே சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு மூன்று மாதம் உதவித்தொகை தருவதாக அறிவித்தது. அப்ளிகேசன் முழுக்க இங்கிலீஷ். எங்கள் தெருவில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த மடிக்கணினியும் இருந்தது. லாரிக் கூலி வாடகைக்கும் பாப்பாவின் மருந்துக்கும் சரியாகிவிடும். அரிசி பருப்புக்கு இந்தத் தொழில்தான். ஆனால் வீட்டுக்குள்ளே சிக்னல் எட்டிப் பார்க்காது, வாசல்படியில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் காலையிலிருந்து கதவு திறந்தே கிடக்கும். நான் படிக்கு உள்ளே, வருகிறவர்கள் படிக்கு வெளியே, நடுவில் ஒரு தென்னங்கயிறு. ஒருவர் இருமினால் என் கண் தொட்டிலுக்குப் போகும். கையெழுத்து வாங்குகிற பேனாவை ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் முக்கித் துடைத்தேன். பார்க்கிறவர்கள் மனம் நோகுமே என்று அதைத் திரும்பி உட்கார்ந்து செய்தேன். ஓலைப்பெட்டி முடைகிற ஜெய்னம்பு லாத்தா, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதையும் பார்த்துவிட்டார். "எங்களக் கழுவ முடியாது, அதான் பேனாவக் கழுவுற. கழுவும்மா. பிள்ளைய அல்லா நல்லா வச்சிருக்கட்டும்."

பட்டுப்புடவை

தொழில் செய்யும்போது எடுத்த படம் ஒன்று வேண்டும் என்பது விதி. அடுத்த வீட்டு முத்துலெட்சுமி அக்கா தையல்காரர். அவர் அனுப்பிய படத்தைத் திறந்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கல்யாணப் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் புதுக் குங்குமம். தையல் மிஷின் மேல் பூப்போட்ட துணி போர்த்தி, அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த துணி மூட்டைகளைக்கூட அப்புறப்படுத்திவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்தால் அவர் வாழ்நாளில் ஊசியைத் தொட்டிருப்பார் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

நம்பவில்லை. 'பணியில் இருக்கும் படம் தேவை' என்று அப்ளிகேசன் திரும்பி வந்தது. பழைய புடவையில், மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது எடுக்கச் சொன்னேன். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னார்: "இருவத்தஞ்சு வருசமா அந்த மிசின்ல குனிஞ்சு கெடக்கேன், ஒருத்தரும் ஒரு படம் எடுத்ததில்ல. எடுக்கிற அன்னிக்காச்சும் நிமிந்து உக்காருவோம்னு பாத்தேன்."

எட்டு

நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று ஒரு கட்டம். எண் மட்டும்தான் போடலாம். ஜெய்னம்பு லாத்தாவிடம் கேட்டேன். விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு ஓலை கிழிப்பாராம். உலை கொதிக்கிற நேரத்தில் முடைவாராம். படுக்கையில் கிடக்கிற மாமியாருக்குக் கஞ்சி ஆறுகிற வரை முடைவாராம். மகள் போனில் பேசினால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முடைவாராம். கூட்டிப் பார்க்கத் தெரியாமல் எட்டு என்று போட்டேன். என்ன போட்டாய் என்று கேட்டார், சொன்னேன். லாத்தா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டுன்னா மிச்சத்த யாரு முடைஞ்சா?"

என் முறை

பத்திருபது பேருக்குப் போட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவள்தானே. தொழில்களின் பட்டியலில் தையல் இருந்தது, அப்பளம் இருந்தது, பூக்கட்டுவது இருந்தது. அப்ளிகேசன் போடுவது இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டு, என் பேரிலும் ஒன்று போட்டு அனுப்பினேன். அந்தப் பணம் எனக்கு எதற்கு என்பதில் குழப்பமே கிடையாது. அது வந்தால் மூன்று மாதம் கதவைச் சாத்தலாம். பாப்பாவுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. டாக்டர் சொன்ன ஆறு மாதத்தைத் தாண்டிவிடலாம்.

அந்த வாரம் பக்கத்துத் தெருவில் இரண்டு முறை ஆம்புலன்ஸ் வந்தது. ராத்திரி முழுக்கப் பாப்பாவின் நெஞ்சில் கைவைத்து, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை கூடினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த கணக்கு. விடிந்ததும் அறக்கட்டளையின் உதவி எண்ணுக்குப் போன் செய்து, என் விண்ணப்பம் என்ன ஆயிற்று, அதுவரை கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். போனை எடுத்த பெண் நல்ல மாதிரி. பாப்பாவைப் பற்றிக்கூட விசாரித்தாள். "எங்க ஆள் நேர்ல வந்து பார்க்கும்போது தொழில் நடந்துகிட்டிருக்கணும் மேடம். சாத்தியிருந்தா, தொழில் இல்லைன்னுதான் எழுதுவார்."

காட்டிக் கொடுக்காதவர்கள்

ஆகவே, சாத்துவதற்காகத் திறந்து வைத்திருந்தேன். ஆறு நாள். ஏழாம் நாள் பாப்பாவுக்குத் தடுப்பூசி. தள்ளிப்போட முடியாத ஊசி. கதவைப் பூட்டிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன், திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. தெருமுனையிலேயே அந்தோணியம்மா அக்கா, முத்துலெட்சுமி அக்கா, லாத்தா மூவரும் காத்திருந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் ஒரு பெருமை. முகக்கவசத்துக்கு மேலே கண்ணிலேயே தெரிந்தது.

முந்தின வாரம் நேரம் தாண்டித் திறந்திருந்த மளிகைக்கடை ஒன்றுக்கு சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பயம் தெருவில் இன்னும் போகவில்லை. இன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் பைலோடு வந்து என் கதவைப் படம் எடுத்திருக்கிறார். இங்கே அப்ளிகேசன் எழுதுகிற பெண் எங்கே, ஆட்கள் வந்து போவார்களா என்று விசாரித்திருக்கிறார். இவர்களுக்குப் புரிந்துவிட்டது, சீல் வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று. அப்படி யாருமே இங்கே இல்லை என்று முதலில் லாத்தா சொல்லியிருக்கிறார். பெண் உண்டு, ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு சும்மாதான் இருக்கிறது என்று முத்துலெட்சுமி அக்கா திருத்தியிருக்கிறார். வந்தவர் நம்பாமல் மறுபடி கேட்டதும் அந்தோணியம்மா அக்கா முன்னால் வந்திருக்கிறார். அதை அவரே சொன்னார், என் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு. "'அந்தப் புள்ளைக்கு ஒரு தொழிலும் தெரியாது சார், படிச்சதெல்லாம் வீணு'ன்னு மாதா மேல சத்தியமே பண்ணிட்டேன். ஒரு வார்த்த காட்டிக் குடுக்கல. நீ பயப்படாமப் போ தாயி."

ஒரு கடிதம்

இரண்டு நாளில் செய்தி வந்தது. நேரடி ஆய்வில் இந்த வீட்டில் தொழில் எதுவும் நடக்கவில்லை என்று தெரியவந்ததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அதே செய்தியை இங்கிலீஷிலும் அனுப்பியிருந்தார்கள். இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்தேன். இரண்டிலும் அதுதான் இருந்தது.

உதவி எண்ணில் அதே பெண். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று வழி சொன்னாள். என்ன எழுத வேண்டும் என்று எனக்கு உடனே வரி வரியாக ஓடியது. எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். அவள் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவங்கள்ல ஒருத்தர், ஆய்வாளர்கிட்ட பொய் சொல்லிட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும் மேடம். ஆனா பொய் சொன்னவங்கன்னு ஆயிட்டா, அவங்க பைலையும் எடுத்து மறுபடி பார்ப்பாங்க."

தகரம்

அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. கதவையும் சாத்தவில்லை, அரிசி வாங்க வேண்டியிருந்தது. வேறு உதவிகளுக்கு வேறு அப்ளிகேசன்கள் வந்துகொண்டிருந்தன. கயிற்றை இன்னும் இரண்டு முழம் தள்ளிக் கட்டினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தெருமுனையில் தகரம் அடித்துத் தெருவை மறிக்கிற சத்தம் கேட்டது. முத்துலெட்சுமி அக்கா வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல், அக்காவை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். முந்தாநாள்தான் அவர் கயிற்றைத் தாண்டி வந்து என் படியில் உட்கார்ந்து, பாப்பாவுக்கென்று வெட்டுத்துணியில் தைத்த குல்லாவை நீட்டியிருந்தார். நான் அதை வாங்கி வெந்நீரில் போட்டேன். இப்போது கயிற்றை அவிழ்த்துவிட்டு அந்தப் படியைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தோணியம்மா அக்கா வந்தார். எப்போதும்போலக் கிட்டே வரவில்லை. எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டார்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மூச்சு சீராக இருக்கிறது, ராத்திரி எண்ணினேன் என்றேன். தனக்கும் லாத்தாவுக்கும் முதல் மாதப் பணம் நேற்று ஏறிவிட்டதாகச் சொன்னார். லெட்சுமி அக்காவுக்கும் வந்திருக்கிறது, ஆம்புலன்ஸில் ஏறும்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் ஏறினாராம். பிறகு முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பார்வையை என் மேல் வைக்காமல், "ஒனக்கு வந்துருச்சா?" என்றார்.

பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள் எனக்கு. "வந்துருச்சுக்கா."

அக்கா பெருமூச்சு விட்டது அங்கிருந்து எனக்குக் கேட்டது. அந்த ஆளிடம் ஏதோ ஏடாகூடமாகச் சொல்லிவிட்டோமோ என்று லெட்சுமிக்கு நாலு நாளாக உறுத்தலாக இருந்ததாம், தனக்கும் ஒரு இதுவாகத்தான் இருந்ததாம். இப்போதுதான் சோறு இறங்கும் என்றார். இரண்டு எட்டு நடந்துபோய்த் திரும்பினார். அவிழ்ந்த கயிறும் ஈரப் படியும் விரியத் திறந்த கதவும் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன போல. "பணம் வந்துருச்சுன்னா பெறகு எதுக்கு இங்கன தெறந்து போட்டுக்கிட்டு நிக்கிற? பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு. உள்ள போ."

அவர் அங்கேயே நின்றார், நான் போகிறேனா என்று பார்ப்பதற்கு. மடிக்கணினியை எடுத்தேன், கயிற்றைச் சுருட்டினேன். 'இந்த வீட்டில் தொழில் எதுவும் நடக்கவில்லை' என்று ஒரு மனிதர் எழுதிவிட்டுப் போனது சுத்தப் பொய்யாகத்தான் இருந்தது, அன்றைக்கு நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுகிற வரைக்கும்.