சதயத்தில் பூட்டிய வீடு

பெங்களூரில் ஒருவர் இறந்துவிட்டால், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் என்ன நோய், எத்தனை நாளாகப் படுக்கை என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். பால்காரி கேட்டாள். கீரை விற்கிறவள் கூடையை இறக்காமலே கேட்டாள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஆயாவும் கேட்டாள். முதல் இரண்டு பேருக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவள் வேறெதுவும் கேட்காமல் போய்விட்டாள். ஊரில் இருந்தபடி இதைப் படிக்கிறவர்கள், நம் குடியாத்தம் பக்கத்திலும் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் எங்கள் தெருவில் கெட்ட நட்சத்திரத்தில் யாராவது போய்விட்டால் கூரையில் ஒரு கீற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இங்கே வாடகை வீட்டின் மங்களூர் ஓட்டில் யார் கை வைப்பது?

தொம்மலூரில் சென்னப்பாவும் அவர் மனைவி கௌரம்மாவும் இருந்த வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஓர் அடுப்படியுமாக எங்கள் குடித்தனம். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் அல்சூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் தமிழ் டீச்சர். ஒரே மகள் வசந்தா, அப்போது அவளுக்குப் பதினாலு வயது. அவருக்குச் சோறு இறங்கவில்லை என்றுதான் ஆரம்பித்தது. பிறகு இட்லி இறங்கவில்லை, அப்புறம் கஞ்சி, கடைசியில் தண்ணீர். உணவுக்குழாயில் புற்று என்று சொல்லி, கண்டோன்மெண்ட் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். அங்கே எல்லோரும் பணிவாகப் பேசினார்கள், அந்தப் பணிவுக்கும் சேர்த்தே பில் போட்டார்கள். அணா போய் நயா பைசா வந்த புதிது. குமாஸ்தா ஊசி விலையை நயா பைசாவிலும் அறை வாடகையைப் பழைய வழக்கப்படி அணாவிலும் சொல்வார். எதில் கூட்டினாலும் அது என் கைக்கு எட்டுவதாக இல்லை. சங்கிலி சேட்டு கடைக்குப் போனது, பின்னாலேயே வளையல்களும் போயின. ஒரு நாள் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, இனிமேல் இங்கே வைத்திருந்து பயனில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது நாளையிலிருந்து அறை வாடகை இல்லை என்பதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. மனசு அப்படியும் வேலை செய்கிறது, என்ன செய்ய?

அவருக்கு ஒரு பழக்கம். பெங்களூருக்கு வந்த புதிதில் நாலு பேரோடு தங்கியிருந்த பிரம்மச்சாரி நாட்களிலிருந்து, தான் இருக்கும் இடத்தை ரூம் என்றுதான் சொல்வார். கல்யாணம் ஆனது, வசந்தா பிறந்தாள், வீடு மாறிக்கொண்டே இருந்தோம். ஆனாலும் வேலை முடிந்தால் ரூமுக்குத்தான் வருவார். வீடு என்றால் அது குடியாத்தத்தில் அண்ணன் தம்பிகளோடு பங்கு இருக்கிற வீடு. நான் இதைச் சொல்லிக் கேலி செய்வேன், சில நாள் சண்டையும் போடுவேன். அன்றைக்கு டாக்டர் சொன்னதை நான் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கும்போது, அவராகவே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். குடியாத்தத்தைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு தூரம் ரயிலில் உடம்பு தாங்குமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் இது தெரியவில்லையா என்கிற சலிப்பு இருந்தது.

"நம்ம வீட்டுக்குடி. கௌரம்மா வீட்டுப் பின்னால."

பாஷா பாய் என்று ஒரு ஜட்காக்காரர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர் என்பதால் எனக்குப் பழக்கம். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, குதிரையை நடக்கவிட்டே கொண்டுவந்தார். அல்சூர் ஏரியைச் சுற்றி, மர்பி டவுன் வழியாகத் தொம்மலூர் வந்து சேர உச்சி வேளை ஆகிவிட்டது. என் கணவர் வழியெல்லாம் கண்ணை மூடியே இருந்தார். பாஷா பாயும் சென்னப்பாவும் போர்வையோடு தூக்கி வந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள். அவர்கள் போன பிறகுதான் கண்ணைத் திறந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். வசந்தாவின் பின்னலைப் பிடித்துப் பார்த்து, நர்சிங் ஹோமில் நீ சரியாகவே பின்னிக்கொள்ளவில்லை என்றார். சென்னப்பாவின் மாடு கத்துவதைக் கேட்டு லேசாகச் சிரித்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் என் மடியில் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சென்னப்பா ஜோயிசரை அழைத்து வந்தார். இந்த ஊரில் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் விரல்விட்டு எண்ணிவிட்டு, சதயம், ஆறு மாதம் வீட்டை அடைக்க வேண்டும், வாசலில் முள் வெட்டிப் போட வேண்டும் என்றார். அன்று முழுவதும் சதயம்தானாம், மணியை முன்னே பின்னே தள்ளிப் பயனில்லையாம். சென்னப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆறு மாத வாடகை போகிறதே என்பது ஒரு பக்கம். ஆனால் அவர் உண்மையாகவே பயந்தார், அதையும் நான் பார்த்தேன். இறந்தவர் வாடகைக்கு இருந்தவர்தானே, அவர் சாவு வீட்டுக்காரன் வீட்டைப் பிடிக்குமா என்று கேட்டுப் பார்த்தார். ஜோயிசர் யோசிக்கவே இல்லை. அடுப்பு யாருடையதோ வீடு அவர்களுடையது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெங்களூருக்கு வந்ததிலிருந்து ஒருவரும் சொல்லாத வார்த்தை, வீட்டை விட்டு விரட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தது.

நர்சிங் ஹோம் பாக்கியை மாதாமாதம் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். இன்னொரு வீட்டுக்கு முன்பணம் எங்கிருந்து புரட்டுவது? அடுப்படியில் போய் நின்றேன், கொல்லைக்குப் போனேன், மறுபடி அடுப்படிக்கு வந்தேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்போதுதான் கௌரம்மா பின்வாசல் வழியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜீவ எல்லி ஹோய்து, டீச்சரம்மா?" என்றாள். உயிர் எங்கே போனது என்கிறாள். பெரிய கேள்வியாகக் கேட்கிறாளே என்று நினைத்து, அது யாருக்குத் தெரியும் கௌரம்மா, கடவுளுக்குத்தான் தெரியும் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினாள்.

"அது இல்லம்மா. எந்த எடத்துல போச்சு? வண்டியிலயே போய்ட்டுது, உங்களுக்குத் தெரியல. கண்ணு மூடித்தானே தூக்கினு வந்தாங்கோ? நீங்க அப்டி ஒரு வார்த்தை சொல்லுங்கோ. எங்க எஜமான்ரு நம்பிடுவாரு. மனைய அடைக்க வேணாம்."

அவள் சொன்னதில் சூது இல்லை. எங்களை அனுப்ப அவளுக்கு மனமில்லை. வசந்தா அவள் வீட்டிலேயே பாதி வளர்ந்தவள். பதினாறாம் நாள் காரியத்துக்காக முன்கூட்டியே வந்திருந்த அவருடைய அண்ணன் இதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். உயிர் போன இடத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்வதால் போனவனுக்கு ஒன்றும் குறையாது, இருக்கிற இரண்டு பேருக்குக் கூரை வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. குடியாத்தத்துக்கே வந்துவிடச் சொன்னார், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அங்கே எனக்கு வேலை இல்லை, நர்சிங் ஹோம்காரர்களோ நான் எந்த ஊருக்குப் போனாலும் விடப்போவதில்லை. வசந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். சென்னப்பாவுக்குச் சாட்சி வேண்டுமே என்று அண்ணன் போய்ப் பாஷா பாயை அழைத்து வந்தார்.

பாஷா பாய் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஒரு குடும்பம் தெருவில் நிற்காமல் இருப்பதற்காக ஒரு வார்த்தை சொல்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை. நன்றாகச் செய்ய வேண்டும் என்ற அக்கறை மட்டும் இருந்தது. குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் கேட்டார்.

"எங்க போனாருன்னு சொல்றதும்மா? ஏரி திருப்பத்துலயா, மர்பி டவுன் மார்க்கெட்டாண்டயா? அந்த ஜோயிசரு கேட்டா நீங்களும் நானும் ஒண்ணாச் சொல்லணும், பாருங்க. மார்க்கெட்டாண்ட ஒரு லாரி நின்னுச்சுன்னு வண்டிய நிறுத்தினேனே, அங்கன்னு சொல்லிடலாமா?"

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஏரித் திருப்பத்தை நினைத்தேன். வண்ணான் துணிகள் காய்கிற கரை, நல்ல காற்று, அங்கே போயிருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. மார்க்கெட்டை நினைத்தேன். கறிக்கடை, லாரிப் புகை, வண்டிக்குள் எட்டிப் பார்த்த முகங்கள். இரண்டில் எது தேவலை என்று என் புருஷன் உயிர் விடுவதற்கு ரோட்டில் இடம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உடம்பெல்லாம் கொதித்தது. இந்த ஊரில் அவர் எத்தனையோ வாசல்களில் பெட்டியோடு நின்றவர். தமிழர்களுக்கு வீடு இல்லை என்று சொன்ன வாசல்கள் உண்டு, வசந்தா கைக்குழந்தையாக இருந்தபோது பிள்ளை அழும் என்று கதவைச் சாத்திய வாசல்கள் உண்டு. ஆயுசின் கடைசி நாளில் ஒரு வீட்டைத் தன் வீடு என்று சொல்லி, அதற்குள் வந்து படுத்து, ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனவர். அவரை வண்டியை விட்டே இறங்காதவராக ஆக்கி மார்க்கெட் ஓரத்தில் போட்டுவிட்டு, நான் மட்டும் வீட்டுக்குள் இருப்பதா?

"வீட்லதான் போனாரு," என்றேன். "என் மடியில. சென்னப்பாகிட்ட அப்படியே சொல்லிடுங்க."

அவருடைய அண்ணன் அன்று மாலைவரை என்னிடம் பேசவில்லை. வீம்பு பிடித்தவள் என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பார், சொல்லட்டும். கௌரம்மா அழுதாள். காரியம் முடிந்ததும் சாமான்களைப் பாஷா பாயின் வண்டியிலேயே ஏற்றினோம். சென்னப்பா பூட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், அந்த வீட்டுக்காரர்கள்தான் பூட்ட வேண்டுமாம். நான் பூட்டினேன். அவர் முள்ளை இழுத்துப் போட்டார். வண்டிக் கூலியைப் பாஷா பாய் வாங்கவே இல்லை.

நீலசந்திராவில் ஓர் அறை கிடைத்தது. நிஜமாகவே ஒற்றை அறைதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத் தொழிலாளி குடும்பம், தர்மபுரிப் பக்கத்து ஜனம், அன்பானவர்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டையும் அவர்களோடுதான். அங்கிருந்து அல்சூருக்கு நடந்து போவேன், நடந்து வருவேன். சம்பளம் வாங்கிய அன்றே நர்சிங் ஹோமுக்குப் போய்க் கட்டிவிட்டு வருவேன். உயிரோடு இல்லாத ஆளுக்குப் போட்ட ஊசிக்குப் பணம் கொடுப்பது போல ஒரு கசப்பு வேறெதிலும் கிடையாது. குமாஸ்தா ஒவ்வொரு முறையும் சார் எப்படி இருக்கிறார் என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். சில நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கால் தானாகத் தொம்மலூர்ப் பக்கம் திரும்பிவிடும். பாதி வழியில் நினைவு வந்து, என் மேலேயே எரிச்சலோடு திரும்புவேன்.

ஆறு மாதம் கழித்துக் கௌரம்மா விசாரித்துக்கொண்டு நீலசந்திராவுக்கே வந்துவிட்டாள். வீட்டைத் திறக்கப் போகிறார்கள், அந்த அடுப்புக்காரி முதலில் விளக்கோடு நுழைய வேண்டும் என்று ஜோயிசர் சொல்லிவிட்டாராம். புருஷனை இழந்தவள் விளக்கோடு முதலில் போவதா என்று கேட்டேன். அவர் வீட்டுக்கு நீ போகாமல் யார் போவது என்றாள். பழைய வாடகைக்கே திரும்பி வந்துவிடச் சொன்னாள். ஆசைதான். ஆனால் நர்சிங் ஹோம் கடன் பாதிகூடத் தீரவில்லை, நீலசந்திராவில் கொடுப்பது தொம்மலூர் வாடகையில் பாதிதான். முடியாது என்றேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தும்கூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் இளம் தம்பதிக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

வசந்தாவும் நானும் போனோம். சென்னப்பா முள்ளை விலக்கினார். நான் கதவைத் திறந்தேன். உள்ளே மூடிக்கிடந்த வாடை. சிவப்புச் சிமெண்டுத் தரையில் கட்டில் கால்கள் நின்ற தடம் நாலும் அப்படியே இருந்தன. ஜன்னலைத் திறந்துவிட்டு, அதன் கீழே விளக்கை வைத்தேன். கௌரம்மா அந்தத் தம்பதியைச் சற்று நேரம் கழித்து வரச் சொல்லியிருந்தாள், அவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் கையில் பால் செம்போடு வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்காரரைக் கேட்காமல் என்னைப் பார்த்து, உள்ளே வரலாமா என்று கன்னடத்தில் கேட்டாள். வாங்கம்மா என்றேன். வலது காலை எடுத்துவைத்து வந்தாள்.

என் அடுப்பில் அவள் பால் காய்ச்சினாள். பொங்கியதும் எங்களை உட்காரச் சொன்னாள், குடிக்காமல் போகக் கூடாது என்றாள். கட்டில் இருந்த இடத்தில் நானும் வசந்தாவும் சுவரோரம் உட்கார்ந்து குடித்தோம். குடித்து முடித்ததும் வசந்தா வழக்கம்போல இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு நடந்தாள். அந்தப் பெண் ஓடிப்போய் அவள் கையிலிருந்து டம்ளர்களை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்கள் கழுவக் கூடாது, போய் உட்காரம்மா என்றாள்.