ரிஜெக்ட் டப்பாவில் போட்ட செல்கள்

சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான்கு வருடம் குவாலிட்டி பார்த்தவள் நான். அளவுக்கு ஒரு மேல்கோடு, ஒரு கீழ்கோடு. நடுவில் இருந்தால் பாஸ், தாண்டினால் ரிஜெக்ட், சிவப்பு டப்பாவுக்குப் போகும். பிறகு மேலே படித்து, சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். கம்பெனியில் இருந்ததை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

கோழிக் கருவில் ரத்தம் ஆகப்போகும் செல்கள்தான் என் வேலை. எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள். ஆனாலும் ஒன்று சிவப்பணு ஆகிறது, பக்கத்தில் இருப்பது ஆகாமல் நிற்கிறது. ஏன்? ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று சில மணிநேரத்துக்கு ஒருமுறை அளந்தேன். சராசரியை விட்டு விலகிய செல்லையெல்லாம், மாதிரி கெட்டிருக்கும் என்று நீக்கினேன். தட்டையாக ஒரு வரைபடம் வந்தது. அதைப் பெருமையாக ஆய்வுக் குழுவிடம் காட்டவும் செய்தேன். ஒன்றுமே நடக்கவில்லையே, அடுத்த முறையும் இப்படியென்றால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடலாம் என்றார்கள். மூன்று வருட உழைப்பு! அறைக்குப் பஸ் ஏறினேன்.

இருங்காட்டுக்கோட்டையில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் தோழி இன்னும் கம்பெனியில், பொருள்கள் வரிசையாக ஓடிவரும் லைனில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்மை அலசிக்கொண்டே என் புலம்பலைக் கேட்டாள்.

"ரிஜெக்ட் அப்பப்ப வந்துச்சா, ஒரே டைம்ல வந்துச்சா?"

"பாக்கலடி. தூக்கிப் போட்டுட்டேன்."

"இன்னாடி நீ, லைன்ல இருந்தவதானே? ரிஜெக்ட் ஏறிச்சுன்னா மொதல்ல டப்பாவைத் தொறந்து டைம் பாக்க மாட்டோம்? மெஷின்ல இன்னாவோ மாறுதுன்னு தெரிஞ்சுடுமே!"

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. லைனிலிருந்து பாதிப் பழக்கத்தைத்தான் நான் கொண்டுவந்திருக்கிறேன்.

உடனே லேப்டாப்பைத் திறந்தேன். நீக்கிய செல்களில் பெரும்பாலானவை ஒரே நேரத்தைச் சேர்ந்தவை: செல்கள் பாதை பிரியப்போகும் நேரம். ஒரே மரபணு ஒரு செல்லில் மும்முரமாக ஓடுகிறது, இன்னொரு செல்லில் தூங்குகிறது. பாதை பிரிந்ததும் சிதறல் அடங்கிவிடுகிறது. என்ன ஆவது என்று முடிவாவதற்கு முன் செல்கள் இப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் ஆடிப்பார்க்கின்றன. அந்த ஆட்டத்தையே நான் குப்பையில் போட்டிருக்கிறேன்.

ஆனால் செத்த செல்லும் சிதறலாகத்தான் தெரியும். இதை இப்படியே கொண்டுபோனால் குழு என்னைக் கிழித்துவிடும். புது முட்டைகள் வாங்கினேன். செத்ததைத் தனியே பிரித்து, முதலிலிருந்து மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே நேரத்தில் அதே சிதறல்.

பழைய வரைபடம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது, புதியதை மட்டும் காட்டு என்றது மனசு. மாட்டேன் என்று முடிவு செய்தேன். குறையை மறைத்துப் பாஸ் போடுவது லைனிலேயே நான் செய்யாத வேலை. அடுத்த கூட்டத்தில் இரண்டையும் ஒரே திரையில் போட்டு, "போன முறை நான் காட்டினது தப்பு" என்றுதான் ஆரம்பித்தேன்.

தலைப்பு இருக்கட்டும் என்றார்கள். கிளம்பும்போது குழுவில் ஒருவர் கேட்டார்: "இந்தச் செல்லையெல்லாம் முதல்ல ஏம்மா தூக்கிப் போட்டீங்க?"

"கம்பெனி லைன்ல குவாலிட்டி பாத்தவ சார்," என்றேன். "திரும்ப எடுத்ததும் அதனாலதான்."